மார்லிஸ் ஸ்கோகனின் முதல் துப்பாக்கி

மே மாதத் தொடக்கத்தில் எங்கள் பக்கம் காற்று ஓயாது. சர்க்கரைப் பீட் விதைக்கிற நாட்கள். உழுது போட்ட கரிசல் மண் பறந்து வந்து எங்கள் துப்பாக்கி சுடும் கிளப் சமையலறையின் ஜன்னல் விளிம்பில் படியும், மூடி வைத்த காப்பியிலும் எப்படியோ இறங்கிவிடும். ஒரு நல்ல ஜன்னல் போட்டுத் தாருங்கள் என்று முப்பத்தொரு வருடமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுடுவதற்குக் களிமண் தட்டை ஆகாயத்தில் வீசுகிற மெஷினுக்குப் பணம் இருக்கும், சமையல்காரி வெர்னாவின் ஜன்னலுக்கு மட்டும் இருக்காது.

அப்படி ஒரு திங்கட்கிழமை மத்தியானம் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது மார்லிஸ் ஸ்கோகன் உள்ளே வந்தாள். கிளப்பின் வாசலை அவள் மிதித்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கோட்டுப் பொத்தானையும் கழற்றவில்லை.

"வியாழக்கிழமை டீம்ல ஒரு ஆள் கொறையுதாமே?"

"கொறையுது. ஹேகன் மூட்டுவலின்னு அரிசோனாவுக்கே குடிபோயிட்டான். ஏன், அவன் எடத்துல நீ சுடப்போறியா?" என்று சிரித்தேன்.

"ஆர்லன் சுடணும்," என்றாள்.

என் கத்தி அப்படியே நின்றுவிட்டது.

ஆர்லன் ஸ்கோகன் அவள் புருஷன். ஐம்பத்தாறு வயது, அறுநூறு ஏக்கர் பீட்டும் கோதுமையும். இந்தக் கிளப்பில் இருபது வருடம் நின்று சுட்டவன். இரண்டரை வருடத்துக்கு முன்னால், அறுவடை முடிந்த நவம்பர் மாதம் ஒரு காலையில், டிராக்டர் கொட்டகையில் கவிழ்த்த வாளிமேல் அவன் உட்கார்ந்திருந்ததை மார்லிஸ் பார்த்தாள். மடியில் துப்பாக்கி. கேட்டதற்குப் பதில் இல்லை. அவளே போய் அதை அவன் கையிலிருந்து எடுத்தாள். மத்தியானத்துக்குள் அவள் தம்பி வந்து வீட்டிலிருந்த நான்கு துப்பாக்கிகளையும் ஏற்றிக்கொண்டு போய் விற்றுவிட்டான். ஆர்லன் மூன்று வாரம் ஃபார்கோவில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தான். வந்தவன் விதைத்தான், அறுத்தான், சாப்பிட்டான். பேசுவது மட்டும் நின்றுபோயிற்று.

"அவனே கேட்டானா?"

"அவன் எதக் கேட்டான்! ஆளுங்களோட பழகட்டும்னு டாக்டரம்மா சொன்னாங்க. பவுலிங் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பந்த உருட்டிட்டு கார்ல போய் உக்காந்துட்டான். சர்ச்சுல சீட்டாட்டம்னா தலவலிங்கிறான். போன ஞாயித்துக்கெழமை இந்தப் பக்கமா வந்தோம். நீங்க சுடுற சத்தம் கேட்டுச்சு. வண்டிய ஓரமா நிறுத்திட்டு கண்ணாடிய எறக்கினான். பத்து நிமிஷம் கேட்டுட்டே இருந்தான். 'மூணாவதா நிக்கிறவன் லேட்டா சுடுறான்'னான். அவனா வாயத் தொறந்து ஒரு பேச்சு பேசி எத்தன நாளாச்சு தெரியுமா வெர்னா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று நான் நினைத்துக்கொண்டதாக அவளுக்குக் காட்டிக்கொண்டேன்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க, துப்பாக்கிக்கு?"

"மொகம் சுளிச்சாங்க. வீட்டுல கூடாது, கிளப்புல பூட்டி வெச்சா பாக்கலாம்னாங்க."

"நல்லதாப் போச்சு. சரக்கு ரூம்ல இரும்பு அலமாரி சும்மாதானே கெடக்கு? சாவி என்கிட்ட. பூட்டி வெச்சுக்கறேன்."

"உனக்குச் சொன்னாப் புரியாதா?" என்று சீறினாள். "சுட்டு முடிச்சு அத்தன பேரும் துப்பாக்கிய வண்டில போட்டுட்டுப் போவாங்க. இவன் மட்டும் உன்கிட்ட குடுத்துட்டு வெறுங்கையோட போகணுமா? வாத்தியார்கிட்ட பொம்மைய ஒப்படைக்கிற பையன் மாதிரியா? ஊரே ஓரக்கண்ணால பாக்கும். ஒரு வாரம் வருவான். அடுத்த வாரம் வரமாட்டான். அப்புறம் எதுக்குமே வரமாட்டான்."

"அப்ப வீட்டுக்குக் கொண்டு போ."

"வீட்டுக்கா?" என்றாள். அவ்வளவுதான். 

இதுதான் அவள் மாட்டிக்கொண்டிருந்த இடம். துப்பாக்கி வீட்டுக்கு வந்தால் அவளுக்கு உயிர் நிற்காது. வராவிட்டால் அவன் வாய் மறுபடியும் மூடிக்கொள்ளும். நான் கைமாவை வாணலியில் போட்டுக் கிண்டினேன். 

கடைசியில் அவளே சொன்னாள். "என் பேர்ல வாங்கறேன். என் துப்பாக்கி. நானும் கத்துக்கறேன். அவன் என்னோடத வாங்கிச் சுடட்டும். எங்க வெக்கிறதுன்னு அப்புறம் பாத்துக்கலாம். ஆனா அறுநூறு டாலருக்கு மேல ஒரு காசு கெடையாது."

"நீயா சுடப்போற? கொசு அடிக்கிற மட்டைக்கே கண்ண மூடிக்குவியே."

"தொறந்து வெச்சுக்கறேன்," என்றாள் மார்லிஸ்.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு ரோலியின் கடைக்குப் போனாள். ரோலி ஆணியிலிருந்து அடுப்புவரை எல்லாம் விற்கிறவன், பின் சுவரில் துப்பாக்கியும். ஆர்லனும் வந்தான். வந்தவன் விதைப் பாக்கெட் அடுக்கின் பக்கத்திலேயே நின்றுவிட்டான், இரண்டு கையும் ஜாக்கெட் பைக்குள். சுவர்ப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவன் பூசணி விதைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மார்லிஸ் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோலி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

மார்லிஸ் ஒன்றைக் காட்டினாள். "இதுதான் லேசா இருக்கு. வெலையும் கம்மி. எனக்கு இது போதும்."

"அந்தத் தப்ப மட்டும் பண்ணிடாத," என்றான் ரோலி. "அது முயலடிக்கப் போறவன் நாள் பூரா தோள்ல தூக்கிட்டு நடக்கறதுக்கு. ஒருநாளைக்கு ஒரு குண்டு சுடுவான். நீ ஒரு சுத்துக்கு இருவத்தஞ்சு சுடணும். லேசான துப்பாக்கி அத்தன ஒதையும் உன் தோளுக்கே குடுக்கும். பத்தாவது குண்டுல அழுதுடுவ. கனமா இருந்தா அதுவே பாதி ஒதைய வாங்கிக்கும்."

"அப்ப கனமா, மலிவா ஒண்ணு காட்டு."

ஒரு பம்ப் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தான். நீளக் குழல். ஒருமுறை சுட்டதும் கீழ்க்கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். நானூற்றுப் பத்து டாலர். இதைவிட அழகானவை சுவரில் இருந்தன, அவற்றின் விலைச் சீட்டைப் படித்துவிட்டு மார்லிஸ் தொடக்கூட இல்லை. பம்பைத் தோளில் வைத்துப் பார்த்தாள். ஐந்தடி இரண்டங்குலம் இருக்கிறவளுக்கு அடிக்கட்டை அக்குளில் இடித்தது.

"ஒரு இஞ்ச் அறுத்துத் தரேன்," என்றான் ரோலி.

"அறுத்துட்டா அவனுக்கு? அவன் ஆறடி. மூக்குல கட்டவெரல் இடிக்குமே."

ரோலி தலையைச் சொறிந்தான். 

"அறுத்துடு," என்று விதை அடுக்கிலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் சுடறப்ப அடிக்கட்டைக்கு ரப்பர் ஒறை மாட்டிக்கறேன். இருவது டாலர்தான்."

சொல்லிவிட்டு மறுபடியும் பூசணி விதையைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். மார்லிஸ் துப்பாக்கியை மேஜைமேல் வைத்த வேகத்தில் ரோலியின் பேனா டப்பா விழுந்தது.

ஒரு ராத்திரி யோசித்துவிட்டு வருகிறேன் என்று பணம் கொடுக்காமலே கிளம்பிவிட்டாள். அன்றே அதை வாங்கியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஊரில் எது நடந்தாலும் டுவெய்னுக்குத் தெரிந்துவிடும். டுவெய்ன் ஆர்லனுக்குப் பெரியப்பா மகன். இரண்டு பேரும் ஒன்றாகவே சுட்டு வளர்ந்தவர்கள். ஆனால் அந்த நவம்பருக்குப் பிறகு ஆர்லன் வீட்டுப் பக்கம் டுவெய்ன் நான்கு தடவைகூடப் போகவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லையாம். அந்தக் குற்ற உணர்ச்சி அவனுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அன்று மாலை மார்லிஸுக்குப் போன் செய்தான்.

"பம்புக்கு எதுக்குடி நானூறு? என்னோட ஒத்தக்குழல் இருக்கே, தட்டு சுடறதுக்குன்னே செஞ்சது. கடைல ரெண்டாயிரத்துக்குக் கொறஞ்சு கெடைக்காது. ஐநூறு குடு போதும். நான் வேற வாங்கிட்டேன். நாளைக்கு கிளப்புக்கு வாங்க, சுட்டுப் பாரு, புடிச்சா எடுத்துக்கோ."

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தார்கள். நல்ல வெயில், காற்று மட்டும் குளிர்ந்து அடித்தது. வேறு யாரும் இல்லை. டுவெய்ன் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்தபோது எனக்கே கை துறுதுறுத்தது. வால்நட் கட்டை, அங்கங்கே தேய்ந்து பளபளத்தது. டுவெய்ன் குள்ளம். அவன் அளவுக்கு அறுத்த கட்டை மார்லிஸுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது.

"மொதல்ல நான்தான் சுடுவேன்," என்றாள் அவள். "இத வெச்சுக்கிட்டு இருக்கப்போறது நான்."

டுவெய்ன் கால் மணி நேரம் பாடம் நடத்தினான். இடது கால் முன்னால், கன்னம் கட்டையில், கண் தட்டில், குழலைப் பார்க்காதே, இங்கே தள்ளினால் மடங்கித் திறக்கும், இங்கே ஒரு தோட்டா, மூடு, இந்த வகைக்கு வெடிக்காமல் தடுக்கிற பூட்டு கிடையாது, அதனால் மூடினால் தயார். எல்லாம் சொன்னான். அப்போது அவன் போன் அடித்தது. விதைக்கிற மெஷினில் சங்கிலி அறுந்துவிட்டதாம், வேலையாள் கூப்பிட்டான். பேசிக்கொண்டே வலப்பக்கம் வண்டிகள் நின்ற இடத்துக்கு நடந்து போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

நான் பின்னால் ஸ்டூலில், தட்டை வீசவைக்கிற பொத்தானோடு உட்கார்ந்திருந்தேன். ஆர்லன் என்னைத் தாண்டி எட்டடி பின்னால், வழக்கம்போல் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

தட்டை விடச் சொல்லி, "புல்!" என்று கத்தினாள் மார்லிஸ். எலி கத்தியதுபோல் இருந்தது.

அழுத்தினேன். முன்னால் மெஷின் இருந்த குழியறையிலிருந்து ஆரஞ்சுத் தட்டு பறந்தது. உயர்ந்தது, வளைந்தது, முழுசாகப் புல்லில் விழுந்தது. வெடிச் சத்தம் வரவில்லை.

"ஒண்ணும் ஆகலையே," என்றாள், கட்டையிலிருந்து கன்னத்தை எடுத்து. "நல்லாத்தானே அமுக்கினேன்."

இப்போது சொல்லவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. முப்பத்தொரு வருடம் இந்த மைதானத்தில் இருந்தவள், நான் சொன்னேன்: "விட்டுட்டு இன்னொரு தடவ அமுக்கிப் பாரு."

"விடாத!"

ஆர்லன். அவன் குரல் அவ்வளவு ஓங்கி நான் கேட்டதே இல்லை. அடுத்த வார்த்தை மெதுவாக வந்தது. "மார்லிஸ். வெரல விடாத. திரும்பாத."

ஆனால் அவள் ஏற்கெனவே எங்கள் பக்கம் பாதி திரும்பிவிட்டாள். அந்தக் குரலைக் கேட்டு, அதே நிலையில் உறைந்து நின்றாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது.  நாற்பது வருடம் தட்டு சுட்டவர்களில் சிலருக்கு ஒரு நோய் வரும். சுட வேண்டிய நொடியில் விரல் மரத்து நின்றுவிடும், உடம்பு திடுக்கிட்டு முன்னால் குலுங்கும். அதற்கு மருந்தாக விசையை மாற்றி வைத்துக்கொள்வார்கள். இழுத்தால் வெடிக்காது. இழுத்துப் பிடித்து, விரலை விட்டால்தான் வெடிக்கும். அப்படிப்பட்ட துப்பாக்கியில் பெரிதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், கையில் கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் வாயாலும் சொல்ல வேண்டும். டுவெய்னுக்கு அந்த நோய் வந்தது எனக்குத் தெரியும். அவன் விசையை மாற்றியதும் தெரியும். தெரிந்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தேன். நேராக டுவெய்னின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருபது அடி இருக்கும். அவன் போனில் சங்கிலி நம்பரை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கத்தியிருந்தால் மார்லிஸ் திடுக்கிட்டிருப்பாள். வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஆர்லன் நடந்தான். ஓடவில்லை. கைகள் பையை விட்டு வெளியே வந்திருந்தன.

"அமுக்கித்தானே புடிச்சிருக்க?"

"ஆமா."

"நல்லது. அப்படியே இரு."

"விட்டா என்ன ஆகும்?"

"வெடிக்கும்."

அவளும் அப்போதுதான் குழலின் நுனிக்கு அப்பால் பார்த்தாள். "ஐயோ. ஆர்லன், டுவெய்ன் நிக்கிறான். டுவெய்ன் நிக்கிறான்."

"தெரியும். நான் வந்துட்டேன்."

"கை நடுங்குது."

"நடுங்கட்டும். வெரல் மட்டும் அங்கயே இருக்கட்டும். நான் பின்னாடி வரேன். தொடப்போறேன். பயப்படாத."

அவள் முதுகோடு ஒட்டி நின்றான். வலது கையை அவள் கைமேல் வைத்து, விசை வளையத்துக்குள் அவள் விரலுக்குமேல் தன் விரலை நுழைத்து அழுத்தினான். இடது கையால் குழலை மெல்ல, மெல்ல, வயல் பக்கம் திருப்பினான். அவள் கன்னத்துக்கும் அவன் தாடைக்கும் இடையில் ஒரு கை அகலம்கூட இல்லை. இரண்டரை வருடமாக யாருடைய விரலுக்கும் விசைக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாளோ அந்த விரல், அவள் விரலை நசுக்கிக்கொண்டு அங்கே இருந்தது. அவள் வயலைப் பார்க்கவில்லை. அவன் கையையே பார்த்தாள்.

கட்டைவிரலால் மேல் தாழைத் தள்ளினான். துப்பாக்கி மடங்கித் திறந்தது. சிவப்புத் தோட்டா பாதி வெளியே எழும்பி நின்றது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இப்ப விடலாம்."

"மாட்டேன்."

"குண்டு வெளிய வந்துடுச்சு, பாரு."

"நீ மொதல்ல விடு."

"சரி, ரெண்டு பேரும் சேந்து விடுவோம்," என்றான். அதற்கும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

டுவெய்ன் போனைப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்தான். "என்ன, எத்தன ஒடச்ச?"

மார்லிஸ் அவனை நோக்கிப் போய் அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் தள்ளினாள். "என்னத்தடா எங்கிட்ட குடுத்த? என்னத்தக் குடுத்த நீ?"

திறந்து கிடந்த துப்பாக்கியையும் ஆர்லனின் முகத்தையும் டுவெய்ன் மாறி மாறிப் பார்த்தான்.  

"விசை," என்றான். "ஐயையோ. அஞ்சு வருஷமா இந்த மாதிரி விசையத் தவிர வேற எதுவும் தொட்டதில்ல மார்லிஸ். துப்பாக்கின்னாலே அப்படித்தான்னு ஆயிப்போச்சு எனக்கு. ஸ்டிக்கர் தொடச்சுத் தொடச்சே போயிடுச்சு. நான்... சொல்லிருக்கணும். எல்லாம் சொன்னேனே. அத மட்டும்..."

"உன் முதுகத்தான் பாத்துட்டு இருந்துச்சு. உன் முதுக," என்றாள்.

டுவெய்ன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். வயதான மனிதன் வாய்விட்டு அழுவதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் உள்ளே போய்க் காப்பி கலந்தேன். நானும் தப்புச் செய்தவள்தான், எனக்கு அழக்கூட யோக்கியதை இல்லை. மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து சமையலறையில் உட்கார்ந்தார்கள். முந்தின நாள் சுட்ட இனிப்பு ரொட்டியை வைத்தேன். யாரும் தொடவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று மார்லிஸ் கேட்டாள்.

"குண்டு நமுத்துப்போயிருந்தா க்ளிக்குன்னு சத்தம் வரும்," என்றான் ஆர்லன். "வரல."

காற்று அடிக்கிற அந்த மைதானத்தில், வராத ஒரு சத்தத்தை அவன் கேட்டிருக்கிறான்.

வியாழக்கிழமை காலையில் ரோலி கடை திறப்பதற்கு முன்பே மார்லிஸ் வாசலில் நின்றாளாம். படிவத்தை நிரப்பி, பம்பையே வாங்கினாள். ரோலி கட்டையை அறுத்து, ரப்பர் உறையைக் காசு வாங்காமல் கொடுத்தான். விசையை அவள் பத்துத் தடவை வெறுமனே இழுத்து, பத்துத் தடவையும் க்ளிக் கேட்ட பிறகுதான் பணத்தை எடுத்தாள்.

ஆறு மணிக்கு ஆட்டம். மார்லிஸ் முதலில் ஒரு சுற்றுப் பழகினாள். இருபத்தைந்தில் இரண்டு. அந்த இரண்டுக்கும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பிறகு ஆர்லன் அடிக்கட்டையில் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு டீமோடு வரிசையில் நின்றான். பதினான்கு. பழைய ஆர்லன் இருபத்து மூன்றுக்குக் குறையமாட்டான். ஆனாலும் பதினைந்தாவதைத் தவறவிட்டபோது ஒரு கெட்ட வார்த்தை சொன்னானே, அதைக் கேட்டு டீமே சிரித்தது. அவனும் சிரித்தான். மார்லிஸ் என் தோளைப் பிடித்த பிடியில் மறுநாள்வரை தடம் இருந்தது.

முடிந்ததும் எல்லோரும் வண்டிகளைச் சுற்றி நின்று, அவரவர் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மார்லிஸ் தங்கள் வண்டியின் பின் கதவைத் திறந்தாள்.

"வை," என்றாள். "வீட்டுக்குக் கொண்டு போலாம்."

ஆர்லன் வைக்கவில்லை. "வீட்டுக்கா?"

"ஆமா. நேத்து பாத்தேனே. எனக்கு அது போதும்."

துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நின்றான். டுவெய்ன் பக்கத்தில் இருந்தான், டீம்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொள்வான் என்று நினைத்தேன். தாழ்த்தவில்லை.

"வேணாம் மார்லிஸ். இப்ப மே மாசம். ஒம்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கு, வெதைக்கிற வேல இருக்கு, நல்லா இருக்கேன். நவம்பர்ல நாலரைக்கே இருட்டிடும். அப்ப நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது."

 ஒருவன் உறையின் ஜிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டு நின்றான்.

"வெர்னா," என்று என்னைக் கூப்பிட்டான். "இத உள்ள வெச்சுப் பூட்டு. வியாழக்கெழமை, எல்லாரும் இருக்கறப்ப மட்டும் குடு. மத்த நாள்ல நானே வந்து கெஞ்சினாலும் குடுக்காத."

வாங்கிக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தது. தலையை ஆட்டினேன்.

மார்லிஸ் வண்டியின் பின் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். "நீ தூங்கறவரைக்கும் நான் கண்ண மூடினதில்ல," என்றாள் அவனிடம். "எந்திரிச்சா எந்திரிப்பேன். கொட்டகைக்குப் போனா ஜன்னல்ல நிப்பேன். ரெண்டரை வருஷமா நான் ஒருத்திதான் உனக்குக் காவல் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

ஆர்லன் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

"எனக்கு நானும்தான் காவல் இருந்தேன்," என்றான். "தெனமும் இருந்தேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."